முதுமையில் முதல் ஆட்டம்

பிக்கிள்பால் 1965ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலுக்கு அருகே உள்ள பெயின்பிரிட்ஜ் தீவில் பிறந்த ஆட்டம். மாநிலச் சட்டமன்ற உறுப்பினராக இருந்த ஜோயல் பிரிட்சர்டும் அவர் நண்பர் பில் பெல்லும், விடுமுறையில் பொழுது போகாமல் சலித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்காக, வீட்டு வளாகத்தில் இருந்த பேட்மின்டன் களத்தில் கைக்குக் கிடைத்ததை வைத்து ஆடத் தொடங்கினார்கள். கிடைத்தவை டேபிள் டென்னிஸ் மட்டைகளும் ஓட்டைகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் பந்தும். 60 அங்குல உயரத்தில் இருந்த வலை கடைசியில் 36 அங்குலத்துக்கு இறங்கியது. பார்னி மெக்கலம் என்னும் இன்னொரு நண்பர் சேர்ந்துகொண்ட பிறகு மூவருமாக விதிகளை வகுத்தனர். சிறியவரும் பெரியவரும் ஒரே களத்தில் நின்று ஆட முடிய வேண்டும் என்பதே அவர்கள் எண்ணம். 2022இல் வாஷிங்டன் மாநிலம் இதைத் தன் அதிகாரபூர்வ விளையாட்டாக அறிவித்தது.

களத்தின் நீளம் 44 அடி, அகலம் 20 அடி. இருவர் இருவராக ஆடும்போது ஒருவர் காக்க வேண்டிய அகலம் பத்தடிதான். சர்வீஸைக் கீழிருந்து மேலாகத்தான் போட வேண்டும். டென்னிஸில் உயரமும் தோள்வலுவும் உள்ளவர் முதல் அடியிலேயே புள்ளியைப் பறித்துவிடுவது இங்கே எளிதில் நடக்காது. சர்வீஸ் பந்து ஒரு முறை தரையில் பட்டு எழ வேண்டும். பதிலுக்கு வரும் பந்தும் ஒரு முறை பட்டு எழ வேண்டும். அதற்குப் பிறகே பந்தை அந்தரத்தில் அடிக்கலாம். வலைக்கு இருபுறமும் ஏழடிக்கு, ஆட்டக்காரர்கள் ‘கிச்சன்’ என்று அழைக்கும் பகுதி உண்டு. அதற்குள் நின்றபடி, தரையில் படாத பந்தை அடிப்பது தவறு. வலையோரம் பாய்ந்து வந்து ஓங்கி அறைந்து முடிக்கும் வழியும் இப்படி அடைபடுகிறது. இளமை தரும் வேகம், வலு, உயரம் ஆகியவற்றின் மதிப்பை இந்த விதிகள் வேண்டுமென்றே குறைத்துவிடுகின்றன.

பிள்ளைகளுக்காகத் தோன்றிய ஆட்டம் ஓய்வுபெற்றவர்களிடம் போய்ச் சேர்ந்தது இதனால்தான். 1960இல் பீனிக்ஸ் நகருக்கு அருகே டெல் வெப் நிறுவிய சன் சிட்டியைத் தொடர்ந்து, அரிசோனாவிலும் புளோரிடாவிலும் முதியோருக்கென்றே ஊர்கள் எழுந்தன. ஆட்டம் வேரூன்றியது அத்தகைய ஊர்களில்தான். 2001இல் அரிசோனா முதியோர் ஒலிம்பிக்கில் அது இடம்பெற்றது. 2009இல் முதல் தேசியப் போட்டி அதே மாநிலத்தின் பக்கை நகரில் நடந்தது. இப்போது இளைஞர்களும் தொழில்முறை ஆட்டக்காரர்களும் வந்துவிட்டார்கள், பரிசுப்பணமும் வந்துவிட்டது. ஆனாலும் தத்துவத்துக்குத் தீனி போடுபவர் வேறொருவர்: வாழ்நாளில் மட்டையே பிடித்திராமல், அறுபதையோ எழுபதையோ கடந்த பிறகு, ஒரு காலை வேளையில் பூங்காத் திடலிலோ தேவாலயத்தின் உள்ளரங்கிலோ முதல் முறையாக வந்து நிற்பவர்.

அவரால் கற்க முடியுமா என்பது பெரிய கேள்வி இல்லை. வயதானவர் மெதுவாகக் கற்கிறார், ஆனாலும் கற்கிறார். எதற்காகக் கற்க வேண்டும் என்பதே கேள்வி. திறமையை இளமையில் தேடிக்கொண்டு பின்னாளில் அதன் பயனை நுகர்வது உலக வழக்கம். நுகரும் காலம் குறுகிவிட்ட பிறகும் தேடிக்கொண்டிருப்பதில் என்ன அறிவு இருக்கிறது? அதுவும் ஒரு பந்தாட்டத்தை?

வேண்டாம் என்று சொன்னவர்களின் வரிசை நீளமானது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று தமிழ்ப் பழமொழி கேட்கிறது. கி.மு. 44இல் முதுமையைப் பற்றிய உரையாடலை எழுதிய ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ, 84 வயது ரோமானிய அரசியல்வாதி கேட்டோவின் வாயால் முதுமையை உயர்த்திப் பேசவைக்கிறார். ஆனால் விளையாட்டு என்று வந்ததும் குதிரை, ஈட்டி, நீச்சல், ஓட்டம், பந்து எல்லாவற்றையும் இளைஞர்களுக்கே விட்டுக்கொடுத்துவிட்டு, கிழவர்களுக்குத் தாயக்கட்டைகளை மட்டும் கேட்கிறார். பந்து பெயர் சொல்லியே விலக்கப்பட்டிருக்கிறது. ரோமானியத் தத்துவ அறிஞர் செனெகாவும் தம் 36ஆம் கடிதத்தில், அரிச்சுவடியில் நிற்கும் கிழவன் நகைப்புக்குரியவன் என்கிறார்: இளைஞன் தேடிக்கொள்ள வேண்டும், முதியவன் தேடியதைப் பயன்படுத்த வேண்டும் என்பது அவர் கணக்கு. பிரெஞ்சுக் கட்டுரையாளர் மான்டேன் எல்லாவற்றுக்கும் பருவம் உண்டு என்ற தலைப்பில் ஒரு கட்டுரையே எழுதி, தள்ளாத வயதில் கிரேக்கம் படிக்கத் தொடங்கிய அதே கேட்டோவைக் கிண்டல் செய்தார். மனுவின் நூல் தோல் சுருங்கி, தலை நரைத்து, பேரப்பிள்ளையின் முகம் பார்த்துவிட்டவனைக் காட்டுக்குப் போகச் சொல்கிறது.

இந்தச் சாட்சிகளைச் சற்றே குறுக்கு விசாரணை செய்தால் வழக்கு தளர்ந்துவிடுகிறது. பந்தை விட்டுக்கொடுத்த சிசரோவின் கேட்டோ, கிரேக்கத்தை முதுமையில் கற்றதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறார். முதுமையில் யாழ் பயின்ற சாக்ரடீஸையும் துணைக்கு அழைக்கிறார். கிழவனின் அரிச்சுவடியைப் பழித்த செனெகா, 76ஆம் கடிதத்தில் நேப்பிள்ஸ் நகரில் மெட்ரோனாக்ஸ் என்னும் ஆசிரியரின் வகுப்புக்குத் தாமே போய்வருவதைத் தெரிவிக்கிறார். அறியாமை உள்ளவரை, அதாவது ஆயுள் உள்ளவரை, கற்க வேண்டும் என்கிறார். அப்போது அவர் அறுபதைக் கடந்தவர். மனு சொல்லும் காட்டு வாழ்வான வானப்பிரஸ்தமும் ஓய்வு நாற்காலி அல்ல. வீட்டுச் சமையலில் வளர்ந்தவன் கிழங்கும் கனியும் தின்னப் பழக வேண்டும், வெறுந்தரையில் உறங்கப் பழக வேண்டும், மழையிலும் வெயிலிலும் தவம் செய்யப் பழக வேண்டும். அந்த மரபு முதியவனை மறுபடியும் முதல் வகுப்பில்தான் உட்கார வைக்கிறது.

ஆகவே மறுப்பு, தொடங்குவதைப் பற்றியது அன்று. எதைத் தொடங்குவது என்பதைப் பற்றியது. மொழி, தத்துவம், தவம் ஆகியவை முதுமைக்குத் தகும், பந்து தகாது என்பதே அவர்களின் உண்மையான நிலை. மான்டேனே முதுமையில் படிக்கத்தான் வேண்டுமென்றால் நம் நிலைக்குப் பொருந்துவதைப் படிப்போம் என்கிறார். அவர் மனத்தில் இருந்தது சாகப் பழகுவது.

பந்துக்காகப் பேசிய பழைய குரல் ஒன்று உண்டு, அது மருத்துவருடையது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கேலன் சிறு பந்துப் பயிற்சியைப் பற்றித் தனியாக ஒரு சிற்றேடு எழுதினார். வேட்டைக்கு நாயும் குதிரையும் வேண்டும், பந்துக்குச் செலவில்லை. மெல்லவும் ஆடலாம், கடுமையாகவும் ஆடலாம். உடல் முழுவதும் அசைகிறது, கண்ணும் மதியும் கூடவே உழைக்கின்றன. ஓட்டத்திலும் குதிரையேற்றத்திலும் உள்ள ஆபத்து இதில் இல்லை என்று அவர் அடுக்குகிறார். இன்றைய குடும்ப மருத்துவர் சொல்வதும் ஏறக்குறைய இதுவே. ஆனால் இந்த வாதம் தத்துவக் கேள்விக்கு விடை ஆகாது. மாத்திரைக்குப் பதிலாக விழுங்கப்படும் விளையாட்டு விளையாட்டுதானா? டச்சு வரலாற்றாசிரியர் யோஹான் ஹுயிசிங்கா 1938இல் வெளியிட்ட ‘ஹோமோ லூடன்ஸ்’ நூலில், விளையாட்டு அன்றாடத் தேவைகளுக்கு வெளியே நிற்பது, பொருள் ஆதாயம் கருதாதது என்று வரையறுத்தார். இரத்தக்கொதிப்புக்காக மட்டை பிடிப்பவர் அந்த வரையறைக்குள் வருவாரா?

இதற்குத் தெளிவான கருவி தருபவர் பெர்னார்ட் சூட்ஸ். கனடாவில் தத்துவப் பேராசிரியராக இருந்த அவர் 1978இல் ‘வெட்டுக்கிளி’ என்ற நூலை எழுதினார். ஈசாப் கதையில் எறும்பிடம் தோற்கும் வெட்டுக்கிளி, இங்கே சாகும்வரை விளையாட்டின் பக்கம் நின்று வாதாடுகிறது. தேவையில்லாத தடைகளைத் தானாக விரும்பி ஏற்று அவற்றைக் கடக்க முயல்வதே ஆட்டம் என்பது அந்நூலின் வரையறை. பந்தை எதிர்ப்பக்கத் தரையில் இருமுறை குதிக்கவைப்பதுதான் நோக்கம் என்றால் கையால் கொண்டுபோய்ப் போட்டுவிடலாம். அந்த எளிய வழியை விலக்கிவிட்டு, வலைக்கு மேலே, கோட்டுக்கு உள்ளே, கிச்சனுக்கு வெளியே நின்று என்று வழியைக் கடினமாக்கிக்கொள்வதால்தான் ஆட்டம் உண்டாகிறது.

சூட்ஸின் பகுப்பு மருத்துவர் அனுப்பிய முதியவரின் சிக்கலை அவிழ்க்கிறது. களத்துக்கு வருவதற்கான காரணம் வேறு, களத்துக்குள் ஒரு புள்ளிக்காகச் செய்யும் முயற்சியின் காரணம் வேறு. இரத்தக்கொதிப்பு வீட்டிலிருந்து களம்வரை நடத்திக் கூட்டிவரலாம். பந்து எழும்பிய பிறகு அதைப் பற்றி நினைப்பவர் பந்தைத் தவறவிடுவார். புள்ளியை உண்மையாகவே விரும்பாமல் ஆட முடியாது. ஆடி முடித்த பின் அந்தப் புள்ளியால் எந்தப் பயனும் இல்லை. இந்த இரண்டும் ஒரே மனத்தில் இடறாமல் இருக்க முடிவதே விளையாட்டின் விந்தை. தேவைகள் எல்லாம் தீர்ந்துவிட்ட உலகில் மனிதருக்கு எஞ்சும் வேலை ஆட்டம் மட்டுமே என்று சூட்ஸ் மேலும் போகிறார். ஓய்வூதியத்தில் வாழும் அரிசோனா முதியவர் அந்தக் கற்பனை உலகின் வாசல்வரை வந்துவிட்டார் என்று சொல்லலாம், மூட்டுவலியைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

அரிஸ்டாட்டில் இதைவிட ஆழமான ஒரு பிரிவினையை வைத்திருக்கிறார். ‘மெய்ப்பொருளியல்’ நூலின் ஒன்பதாம் பகுதியில், முடிவை நோக்கிப் போகும் இயக்கங்களையும் தம்மளவில் முழுமையான செயல்களையும் அவர் பிரிக்கிறார். வீடு கட்டுபவர் கட்டிக்கொண்டிருக்கும்போது இன்னும் கட்டி முடிக்கவில்லை. பார்ப்பவரோ பார்க்கும்போதே பார்த்தும் முடித்துவிட்டார். முதல் வகை பாதியில் நின்றால் குறை. இரண்டாம் வகை எங்கே நின்றாலும் குறையில்லை. கற்றலை அரிஸ்டாட்டில் முதல் வகையில் சேர்க்கிறார் என்பது இங்கே முக்கியம். கற்றுக்கொண்டிருப்பவர் அதே பொருளை இன்னும் கற்று முடிக்காதவர். முதுமையில் தொடங்குபவரின் கற்றல் பாதியில் அறுந்துபோக எல்லா வாய்ப்பும் உண்டு. செனெகாவின் எரிச்சலுக்கு அடிப்படை இதுதான்.

இன்றைய தத்துவ அறிஞர் கீரன் செட்டியா, 2017இல் வெளியான நடுவயது பற்றிய தம் நூலில், இந்தப் பிரிவினையையே மருந்தாகத் தருகிறார். முடிவுள்ள திட்டங்களில் வாழ்வின் பொருளை வைப்பவருக்கு, திட்டம் நிறைவேறிய நாளில் கையில் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே நடத்தல், உரையாடல், இசை கேட்டல் போன்று முடிவு தேவைப்படாத செயல்களில் மதிப்பைக் காணுங்கள் என்கிறார். நல்ல அறிவுரை, ஆனால் தொடக்கக்காரருக்கு அது பாதிதான் பொருந்தும். முன்னேற விரும்பாமல் பிக்கிள்பால் கற்க முடியாது. சர்வீஸ் வாங்கும் அணி பந்தைத் திருப்பிவிட்டு வலையோரம் வந்து நின்றுகொள்ளும். அப்போது சர்வீஸ் போட்ட அணி மூன்றாவது அடியாக, கிச்சனுக்குள் மெதுவாக விழும்படி பந்தை இறக்கிவைக்க வேண்டும். தொடக்கக்காரர் ஓங்கி அடித்துவிடுவார். பந்து எதிரியின் மட்டைக்கு நேராகப் போய் இரட்டிப்பு வேகத்தில் திரும்பும். இந்த ஒரு மென்மையைக் கைக்குக் கொண்டுவரப் பல மாதங்கள் ஆகலாம். சும்மா ஆடிவிட்டுப் போகிறேன், வராவிட்டால் போகட்டும் என்பவருக்கு அது ஒருநாளும் வராது. அவர் ஆடுவது ஆட்டமாகவும் இராது.

இரண்டும் ஒரே களத்தில் ஒரே நேரத்தில் நடக்கின்றன என்பதே சரியான விவரிப்பு. கற்றல் முடிவை நோக்கிப் போகிறது. ஆட்டம் அந்தந்தப் புள்ளியில் நிறைகிறது. ஏழாவது மாதத்தில் கற்றல் அறுந்தாலும், ஆறு மாதம் ஆடியவை ஆடி முடிந்தவைதான். இளைஞருக்கும் இது உண்மையே. ஆனால் அவருக்கு எதிர்காலம் நீண்டு தெரிவதால் இந்த இரட்டைத் தன்மை கண்ணில் படுவதில்லை; முதியவரிடம் அது பளிச்சென்று தெரிகிறது.

முதுமைக்கே உரிய சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. எல்லாத் தொடக்கக்காரரும் இயலாதவரே. அந்த இயலாமை ‘இன்னும் வரவில்லை’ என்ற வகை. முதுமையும் இயலாமையைக் கொண்டுவருகிறது. அது ‘இனி வராது’ என்ற வகை. முதியவரான தொடக்கக்காரரின் உடலில் இரண்டும் ஒன்றாகக் குடியிருக்கின்றன. எந்தத் தவறு எதைச் சேர்ந்தது என்று அவரால் பிரித்தறிய முடிவதில்லை. வலது மூலைக்கு வந்த பந்து எட்டவில்லை: நிற்க வேண்டிய இடம் தெரியாததாலா, முழங்கால் மடங்காததாலா? இரட்டையர் ஆட்டத்தில் சர்வீஸ் போடுமுன் மூன்று எண்களை உரக்கச் சொல்ல வேண்டும்: தம் அணியின் புள்ளி, எதிரணியின் புள்ளி, அணியில் முதலாவதாகப் போடுபவரா இரண்டாமவரா என்பது. ஆட்டமே ‘பூஜ்யம், பூஜ்யம், இரண்டு’ என்றுதான் தொடங்கும். புதியவர் எல்லோரும் இதில் தடுமாறுவார்கள். இருபது வயதுக்காரர் சிரித்துவிட்டுப் பக்கத்தில் நிற்பவரைக் கேட்பார். எழுபது வயதுக்காரரின் மனத்தில் வேறொரு அச்சம் எழும்: நினைவு போகத் தொடங்கிவிட்டதோ?

இந்தத் தெளிவின்மையை வெறும் துன்பமாகக் கொள்ள வேண்டியதில்லை. முதுமையில் பெரும்பாலான இயலாமைகள் கேட்காமல் வருபவை: படியேறும்போது மூச்சு வாங்குகிறது, சிறிய எழுத்து தெரிவதில்லை, பெயர்கள் நாக்கில் நின்றுவிடுகின்றன. அவற்றின் நடுவே ஒருவர் தானாக விரும்பி ஓர் இயலாமையைத் தேர்ந்துகொள்கிறார், அதுவும் குறையக்கூடிய ஒன்றை. தேய்ந்துகொண்டிருக்கும் உடலில் ஏதோ ஒன்று வளர்கிறது என்பதே ஒரு செய்திதான். சென்ற மாதம் வலையில் மோதிய பந்து இந்த மாதம் வலையைத் தாண்டுகிறது. தேய்வு அதனால் நிற்பதில்லை. ஆனால் உடலைப் பற்றிய கதை தேய்வு மட்டுமே என்று சொல்ல முடியாமல் போகிறது.

இந்த நிலையைத் துல்லியமாக எண்ணிப் பார்த்தவர் பதினைந்தாம் நூற்றாண்டு ஜப்பானிய நோ நாடகக் கலைஞர் ஸெயாமி. அமெரிக்காவில் தொடக்க மனம் என்ற கருத்து பரவியதற்கு, சான் பிரான்சிஸ்கோவில் கற்பித்த ஜென் துறவி ஷுன்ரியு சுசுகியின் 1970ஆம் ஆண்டு நூல் காரணம். அங்கே அது முன்முடிவுகள் இல்லாத திறந்த மனத்தைக் குறிக்கிறது. ஸெயாமி 1424இல் எழுதிய ‘ககியோ’ என்னும் நூலில் அதே சொல்லின் பொருள் இன்னும் கறாரானது. தொடக்கத்தில் இருந்த அரைகுறைத் திறனை மறக்காதே, அதை மறந்தால் முன்னேறியதும் தெரியாது, பின்வாங்குவதும் தெரியாது என்பது அவர் சொல்வது. அதோடு நில்லாமல், ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு தொடக்கம் உண்டு, முதுமைக்கும் தனியே ஒரு தொடக்கம் உண்டு என்கிறார். ஐம்பதைத் தாண்டிய நடிகனுக்குச் செய்யாமல் இருப்பதைத் தவிர வேறு உத்தி இல்லை. செய்யாமல் இருந்தே அரங்கை நிறைப்பதை அவன் அதற்குமுன் ஒருநாளும் கற்றதில்லை. ஆகவே அங்கே அவன் புதியவன்.

ஸெயாமி இதற்குத் தம் தந்தை கன்னாமியையே சான்றாக வைத்தார். 1384இல், 52 வயதில், இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் சுருகா மாகாணத்துக் கோயிலில் நடித்தபோது, கன்னாமி கடினமான பகுதிகளை இளையவர்களிடம் கொடுத்துவிட்டு எளியவற்றை மட்டும் அடக்கமாகச் செய்தார். அன்றும் பூ, அதாவது நடிப்பின் வசீகரம், அவரிடமே இருந்தது என்கிறார் மகன். பிக்கிள்பால் களத்திலும் இதன் சாயல் தெரியும். தேர்ந்த முதிய ஆட்டக்காரர் கிச்சன் கோட்டருகே நின்று, மட்டையை வீசாமல், பந்தை வலைக்கு மேலே மெல்லத் தள்ளிக்கொண்டே இருப்பார். ‘டிங்க்’ எனப்படும் அந்த அடியில் ஏறக்குறைய எதுவுமே செய்யப்படுவதில்லை. இருபது வயதில் ஓங்கி அடித்துப் பழகிய டென்னிஸ்காரருக்கு இது வெறும் புதியவரைவிடவும் தாமதமாக வருவதுண்டு. கையை அடக்குவது அவருக்கு இரட்டை வேலை.

தொடக்கக்காரராவதில் இன்னொரு விலையும் உண்டு. அறுபது வயதில் பெரும்பாலோர் ஏதோ ஒன்றில் தேர்ந்தவர்கள்: கணக்கு எழுதியவர், அறுவை சிகிச்சை செய்தவர், பள்ளி நடத்தியவர், பேருந்து ஓட்டியவர். அந்தத் தேர்ச்சி மெல்ல மெல்ல ஆளின் மதிப்பாகவே மாறிவிடுகிறது. பொதுத் திடல்களில் வழக்கமான திறந்த ஆட்டத்தில் மட்டைகளை ஒரு தாங்கியில் வரிசையாக வைப்பார்கள். வரிசைப்படி அடுத்த நால்வர் களமிறங்குவார்கள். யாரோடு யார் என்று மட்டை தீர்மானிக்கிறது, முன்னாள் பதவி தீர்மானிப்பதில்லை. நீதிபதியாக இருந்தவரிடம் அவர் பேத்தி வயதுப் பெண் ‘நீங்கள் கிச்சனுக்குள் நிற்கிறீர்கள்’ என்று சொல்லுவாள்; அவர் பின்னால் நகர வேண்டும். குழந்தைகளைப் போல் ஆகாதவர்க்கு விண்ணரசில் இடமில்லை என்ற இயேசுவின் போதனையை உரையாசிரியர்கள் பெரும்பாலும் குழந்தையின் களங்கமின்மையோடு சேர்த்துப் படித்தார்கள். குழந்தைக்கு அந்தஸ்து இல்லை என்பதோடு சேர்த்தும் அதைப் படிக்கலாம். மத்தேயு நற்செய்தியின் அடுத்த வரியே தாழ்த்திக்கொள்வதைப் பற்றித்தான் பேசுகிறது. ஆனால் களத்தில் கிடைக்கும் தாழ்வை உடனே அறமாகக் கொண்டாட வேண்டியதில்லை. கூச்சத்தால் தலைகுனிபவரும் உண்டு, அடக்கத்தைக் காட்டிப் பாராட்டு வாங்குபவரும் உண்டு. தவறு சுட்டப்பட்டதும் காரணம் சொல்லாமல் நகர முடிகிறதா என்பது ஓரளவு நம்பத்தக்க சோதனை.

அறத்துக்கு இந்த ஆட்டம் தரும் வளமான இடம் கோடுகள். நடுவர் இல்லாத ஆட்டங்களில், தம் பக்கத்தில் விழுந்த பந்து உள்ளேயா வெளியேயா என்று அந்தப் பக்கத்தவரே சொல்ல வேண்டும். ஐயமிருந்தால் எதிரணிக்குச் சாதகமாகத் தீர்க்க வேண்டும் என்பது விதி. அணியின் இருவரும் மாறுபட்டுச் சொன்னால் அதுவே ஐயத்துக்குச் சான்று, பந்து உள்ளே. வேடிக்கை பார்ப்பவரைக் கேட்கக் கூடாது. பந்தை அந்தரத்தில் அடிக்கும்போது கிச்சன் கோட்டை மிதித்துவிட்டால் தானே ஒப்புக்கொள்ள வேண்டும். தன் வழக்கில் தானே நீதிபதி ஆகக் கூடாது என்பது சட்டத்தின் பழைய நெறி; இங்கே ஒவ்வொரு புள்ளியிலும் அப்படித்தான் ஆக வேண்டியிருக்கிறது. அதற்கு விதி கண்டுபிடித்த மாற்று, தெரியாததைத் தனக்கு எதிராக எண்ணிக்கொள்வது. கண்புரை வளரத் தொடங்கிய வயதில் இது ஏட்டுநெறியாக நிற்பதில்லை. வெளியே விழுந்தது என்று மனம் விரும்புகிறது, கண் உறுதியாகச் சொல்லவில்லை. விருப்பத்துக்கும் காட்சிக்கும் இடையிலுள்ள அந்த இடைவெளியைத் திரும்பத் திரும்பக் கவனிக்கச் செய்யும் ஏற்பாடு அன்றாட வாழ்வில் குறைவு. பார்வை குறையக் குறைய விட்டுக்கொடுக்க வேண்டிய புள்ளிகள் கூடும் என்பதையும் விதி ஈவிரக்கமின்றி உள்ளடக்கியிருக்கிறது.

சமயங்கள் விளையாட்டை ஒரே கண்ணோடு பார்த்ததில்லை. பிளேட்டோ தம் கடைசி நூலான ‘சட்டங்க’ளில், மனிதன் கடவுளின் விளையாட்டுப் பொருள், அதுவே அவனிடம் உள்ள சிறந்த அம்சம், ஆகவே அழகிய விளையாட்டுகளை விளையாடியே வாழ வேண்டும் என்றார். அதே நூலில், பாடி ஆடக் கூச்சப்படும் முதியவர்களின் கூச்சம் தெளிய மது அருந்தவும் அனுமதித்தார். தாமஸ் அக்குவினாஸ் விளையாட்டில் ஒரு நற்பண்பு உண்டு என்று வாதிட்டதோடு, விளையாட்டே அறியாமல் பிறருக்குச் சுமையாக இருப்பது குற்றம் என்றும் எழுதினார். ஆனால் அவருக்கும் அரிஸ்டாட்டிலுக்கும் விளையாட்டு கடைசியில் இளைப்பாறல். மறுபடி வேலைக்குத் திரும்புவதற்காக. திரும்ப வேலையே இல்லாத ஓய்வுபெற்றவருக்கு இந்த விளக்கம் போதாது.

வேதாந்தம் இங்கே வேறு திசையில் போகிறது. குறை ஏதுமில்லாத பிரம்மம் ஏன் உலகைப் படைத்தது என்ற கேள்விக்கு, பிரம்ம சூத்திரம் விளையாட்டு என்றே விடை தருகிறது. ஆசைகள் எல்லாம் நிறைவேறிய அரசன் பயன் கருதாமல் விளையாடுவதுபோல என்று சங்கரர் அதற்கு உரை சொல்கிறார். மதுரைச் சிவனுக்கு அறுபத்து நான்கு திருவிளையாடல்களைச் சொல்லும் சைவத்துக்கும் இந்த எண்ணம் பழகியதே. நிறைவிலிருந்து எழும் விளையாட்டு என்ற இந்த இலக்கணத்தை அப்படியே முதியவருக்குப் பொருத்தினால் அது முகத்துதி ஆகிவிடும். களத்துக்கு வருபவர்களில் பலர் குறையிலிருந்துதான் வருகிறார்கள்: துணையை இழந்த தனிமை, வேலை போன வெறுமை, நோய் பற்றிய பயம். ஆட்டத்துக்குள் அந்தக் குறைகள் சற்று நேரம் கணக்கில் வராமல் போகின்றன என்ற அளவுக்கு மட்டுமே லீலை என்ற கருத்தின் நிழல் அவர்கள்மேல் படுகிறது.

எல்லையையும் சொல்ல வேண்டும். இந்த ஆட்டத்தில் காயப்பட்டு மருத்துவமனை போகிறவர்களில் பெரும்பங்கினர் ஐம்பதைக் கடந்தவர்கள். தலைக்கு மேல் போகும் பந்தைத் துரத்திப் பின்னோக்கி ஓடும்போது விழுந்து மணிக்கட்டையோ இடுப்பையோ முறித்துக்கொள்வதும், கெண்டைக்காலிலும் குதிகால் தசைநாணிலும் கிழிசல் ஏற்படுவதும் அடிக்கடி நடப்பவை. அதனால் நல்ல பயிற்சியாளர்கள் முதல் பாடமாகவே பின்னோக்கி ஓடக் கூடாது, திரும்பி ஓடு, முடியாவிட்டால் புள்ளியை விட்டுவிடு என்கிறார்கள். உடைந்த இடுப்பு ஒருவரின் சொந்த விஷயமாக நிற்பதில்லை. அதைத் தாங்குபவர் பெரும்பாலும் அதே வயதுள்ள வாழ்க்கைத்துணை. மட்டையில் பந்து படும் ஓசை அக்கம்பக்கத்தாரின் காலைத் தூக்கத்தைக் கெடுப்பதும் பல ஊர்களில் வழக்குவரை போயிருக்கிறது. புள்ளியை முழு மனத்தோடு விரும்ப வேண்டும் என்று மேலே சொன்னதற்கு இங்கே ஒரு கட்டுப்பாடு விழுகிறது. இளைஞர் உடலை மறந்து ஆடலாம். முதியவர் உடலை நினைவில் வைத்துக்கொண்டே ஆட வேண்டும். பந்தை விட்டுவிடுவதும் அவர் கற்க வேண்டிய அடிகளில் ஒன்று.

ஆட்டத்தையே விட வேண்டிய நாளும் வரும். சிலர் களத்தை விட்டு நடுவராகவோ புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவராகவோ மாறுகிறார்கள். சிலர் வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். அதுவரை ஆடியவற்றுக்கு அதனால் குறையில்லை. ஆனால் கைக்கு வரத் தொடங்கியிருந்த மூன்றாவது அடி பாதியில் நின்றுவிடுகிறது. அந்த இழப்பு உண்மையானது. அதை இல்லையென்று காட்ட அரிஸ்டாட்டிலின் பிரிவினை உதவாது.